மார்க்குக்கு அந்தாண்ட

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குத் துணி பிழியும்போது கால் முளைத்துவிடும். நேற்றும் தடதடவென்று கதவு வரை வந்துவிட்டது. "போர்வையெல்லாம் ஒரே பக்கம் சேந்துட்டு, நிறுத்துங்க" என்று மனைவி கத்துகிறாள். நான் நிறுத்தாமல் அதன் தலையில் உள்ளங்கையை வைத்து நிற்கிறேன். சுற்றுகிற எதையும் தொட்டுப் பார்க்கிற இந்தப் புத்தி ஸ்ரீபெரும்புதூரில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து டிப்ளமோ சர்ட்டிபிகேட்டோடு வந்து, மண்ணூரில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். அறையில் ஈர சாக்ஸ் வாசனை, கம்பெனிக்குப் போனால் தின்னர் வாசனை. பெயிண்ட் ஷாப்பின் புகையை இழுத்து வெளியே தள்ள ஆளுயரத்தில் ஒரு ஃபேன் இருந்தது. இறக்கைகளில் பெயிண்ட் ஏறுமாறாகப் படிந்தால் ஆடத் தொடங்கிவிடும்.

அதை அடக்குவது டிரெய்னிகளான எங்கள் இருவர் வேலை. தேவராஜ் பென்னலூர்க்காரன், ஐ.டி.ஐ. எங்களில் ஒருவரைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள். பெர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவேன் என்று அவன் மாமா சொல்லியிருந்தார். அதெல்லாம் தெரிந்தும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.

சுற்றும் ஷாஃப்டை நோக்கி சாக்பீஸை மெல்லக் கொண்டுபோனால், கனமான பக்கம் வெளியே துள்ளி வந்து கோடு வாங்கிக்கொள்ளும். அதற்கு நேர் எதிரே ஓர் இரும்புத் துண்டை முடுக்கினால் ஆட்டம் அடங்கும். சாக்பீஸ் பிடிப்பதில் அவன் கில்லாடி. நான் பிடித்தால் முழு வட்டம்தான் விழும்.

அன்று கோடு போட்டது அவன். ஃபேனை நிறுத்தியதும் நான் உள்ளே குனிந்தேன். வெளியிலிருந்து கத்தினான்: "மார்க்குக்கு அந்தாண்ட வைடா!"

அவன் சொன்னது எதிர்ப்பக்கத்தை. அதைச் 'சற்றுத் தாண்டி' என்று எடுத்துக்கொண்ட நான், மார்க்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி முடுக்கினேன். அதிர்வுப் பாடத்தில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன்! கனத்தின் பக்கத்திலேயே கனம் வைக்கிறோமே என்று உறைக்கவில்லை.

சுவிட்சைப் போட்டதும் தரை அதிர்ந்தது. நிறுத்துவதற்குள் பேரிங் போய்விட்டது, உற்பத்தி லைனும் நின்றது. மேனேஜர் ஓடி வந்தார். "இங்க வெயிட் வைக்கச் சொன்னது யாருய்யா?"

"நான்தான் சார் சொன்னேன்" என்றான் தேவராஜ்.

"வச்சது நான்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பயத்தில் வாய் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமெல்லாம் இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

எனக்கே கிடைத்தது. அவன் கணக்கு முடித்துக் கிளம்பிய அன்று கேட் வரை போனேன். "ஏம்டே, வச்சது நான்னு நீ சொல்லல?" என்று கேட்டேன்.

"அந்தாண்டன்னு சொன்னது நான்தானே? உங்க ஊர்ல அதுக்கு இன்னா அர்த்தம்னு கேட்டனா? வுடு." ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

இப்போது ஃபேன்களில் சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை கிராம் என்று கம்ப்யூட்டரே சொல்கிறது, யாரும் கத்த வேண்டியதில்லை. எங்கள் கம்பெனி இருந்த இடம் கிடங்காகிவிட்டது. சென்ற வருடம் அந்தப் பக்கம் போனபோது பென்னலூரில் இறங்கினேன். அவன் வீடு இருந்த இடத்தில் ஒரு ஹாஸ்டல் நிற்கிறது. எதிரே டீக்கடையில் விசாரித்தேன்.

"எந்த தேவராஜு? வேலை பெர்மனென்ட் ஆவாம கல்யாணம் நின்னு போச்சே, அவனா? அவன் ஊரை வுட்டே பூட்டான் சார். எங்க கீறானோ."

"ஆமாம், அவன்தான்" என்றேன். ஏன் பெர்மனென்ட் ஆகவில்லை என்று அந்த டீக்கடைக்காரரிடமும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.