வாசலில் ஒரு மரம்

கைப்பேசி விளையாட்டில் நான் கட்டும் நகரத்தில், வீட்டு வாசலில் மரம் வைக்க இத்தனை நாள் விட்டதே இல்லை. சிவப்புக் கட்டம் காட்டித் தடுக்கும். இன்று திறந்ததும், ‘இனி அலங்காரங்களை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்’ என்றது.

ஒடித்த முருங்கைக் கொம்பின் பச்சை வாடை நினைவில் ஏறியது. சிறுவயதில், உத்திரமேரூர் பக்கத்துக் காலனியில், அம்மா வாசலில் நட்ட கொம்பை, வண்டிப் பாதை என்று சொல்லிப் பக்கத்து நிலக்காரர் இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். மூன்றாம் முறை அம்மா கொம்பும் கையுமாக நின்றபோது சிரித்தபடி வந்தார்.

“எங்க வேணா நட்டுக்கோம்மா.”

அவர் போனதும், “இந்தாளு இன்னாத்துக்கு இளிச்சிக்கினு போறான்?” என்று அம்மா கொம்பைப் போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினாள். எங்கள் கொல்லையில் பாதி அவருடைய புது முள்வேலிக்குள் இருந்தது.

நான் இன்னும் மரம் வைக்கவில்லை. நகரத்தின் பின்பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.