செவ்வாய்க்கிழமை மட்டும் சோர்ந்துபோகும் வண்டி

மே மாதம் வந்தால் வெர்னிசாக் ஊரின் கால்பந்து மைதானத்தில் கூடாரம் போட்டு, அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் கூடிச் சாப்பிடுவார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒருவருக்கு இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள், இன்னொருவருக்கு முழங்காலில். வாய்க்கு மட்டும் யாருக்கும் எந்தப் பழுதும் இல்லை. சாப்பாட்டின் முடிவில் பாலாடைக்கட்டி மேசைக்கு வருவதற்குள் ஒவ்வொருவரும் தான் வென்ற கோப்பைகளை எண்ணி முடித்திருப்பார்கள். போன வருஷம் இரண்டு வென்றிருந்தவர் இந்த வருஷம் மூன்று என்பார். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

ஃபிர்மேன் தெல்போ ஒரு கோப்பைகூட வென்றதில்லை. ஆனாலும் கடைசியில் எல்லோரும் அவர் பக்கம்தான் திரும்புவார்கள்.

"ஃபிர்மேன், அந்த ரொட்டி வண்டிக் கதையைச் சொல்லுப்பா."

"போன வருஷம்தான் சொன்னேனே."

"போன வருஷம் நான் தூங்கிட்டேன்."

அவர் சொல்லும்போது நிறைய விட்டுவிடுவார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கதை நடந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் அவர் செய்த காரியத்துக்கு மரியாதைப் பன்மை கொஞ்சம் அதிகம் என்பதால், இனி 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம்.

அப்போது அந்தப் பக்கம் முழுவதும் தெஷவோ பைத்தியம் பிடித்திருந்தது. இரண்டு குதிரை என்று பெயர் வைத்த, தகர டப்பா மாதிரியான அந்த மலிவு வண்டி எல்லார் வீட்டிலும் ஒன்று நின்றது. பழசாகிப்போனதை எடுத்து, கண்ணாடிகளைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டி, பக்கவாட்டில் ஒரு எண்ணைக் கிறுக்கினால் ரேஸ் கார் தயார். அறுவடை முடிந்த மக்காச்சோள வயலில் ஞாயிறு மதியம் இருபது வண்டிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும். ஒன்று கவிழ்ந்தால் வேடிக்கை பார்ப்பவர்களே ஓடிவந்து நிமிர்த்தி வைத்து, முதுகில் தட்டி அனுப்புவார்கள்.

ஃபிர்மேன் ஊர் ரொட்டிக்கடைக்காரன். சரியாகச் சொன்னால், ரொட்டிக்கடைக்காரரின் மகளைக் கட்டியவன். கடையும் அடுப்பும் மனைவி சொலான்ஜின் அப்பா வழியில் வந்தவை. ஃபிர்மேன் ரொட்டி சுடுவான். சொலான்ஜ் வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரத்துச் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த வேனும் ஒரு தெஷவோதான், பின்னால் பெட்டி வைத்தது. அந்தப் பாதையின் மறுமுனையில் பக்கத்து ஊர் ரொட்டிக்கடைக்காரன் வாயில் எச்சில் ஊறக் காத்திருந்தான். ஒரே ஒரு நாள் சொலான்ஜ் வரவில்லை என்றால் போதும், பாதி வீடுகள் அவன் பக்கம் போய்விடும்.

ஃபிர்மேனிடம் ரேஸ் கார் இருந்தது. ஒரு விவசாயியிடம் கோழிக் கூண்டாக இருந்ததைக் கேட்டு வாங்கியது. கழுவிக் கழுவிப் பார்த்தும் வாடை போகவில்லை. என்ஜின் செத்துப்போயிருந்தது. நல்ல என்ஜின் ஒன்று வீட்டிலேயே, வேனுக்குள் இருந்தது. ஞாயிறு மதியம் கடை சாத்தினால் திங்கள் முழுக்க விடுமுறை. சொலான்ஜ் ஞாயிறு மதிய பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போனால் திங்கள் மாலைதான் திரும்புவாள். இவ்வளவு வசதியை ஆண்டவனே செய்து கொடுத்தபின் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

பஸ் திருப்பத்தில் மறைந்ததும் ஃபிர்மேனும், ஊராட்சியில் சாலை வேலை பார்த்த அவன் நண்பன் ஒக்தாவும் வேனின் மூக்கைக் கழற்றுவார்கள். தெஷவோ என்ஜினை இரண்டு ஆட்கள் கையால் தூக்கிவிடலாம். வேனிலிருந்து கோழிக் கூண்டுக்கு அது மாறும். ரேஸ் ஓடும். திங்கட்கிழமை மறுபடி வேனுக்குள் போகும். இரண்டு சீசன் இப்படியே ஓடியது.

"இந்த வண்டி செவ்வாய்க்கிழமை மட்டும் சோர்ந்துபோகுது, கவனிச்சியா?" என்று ஒருநாள் சொலான்ஜ் கேட்டாள்.

"திங்கட்கிழமை சும்மா நிக்குதில்ல. சோம்பல் வந்திருக்கும்" என்றான் ஃபிர்மேன், மாவு பிசைவதிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்படியா?" என்றாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது சீசன் முடிய இன்னும் ஒரே ஒரு ரேஸ் பாக்கி இருந்தபோது அது நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிர்மேன் வாழ்க்கையில் முதல்முறையாக முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தான். முன்னால் இரண்டே வண்டிகள். சந்தோஷத்தில் மிதித்த மிதி என்ஜினுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஏதோ முறிந்து, பக்கச்சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. எண்ணெய் எல்லாம் மக்காச்சோளத் தட்டையின்மேல் கொட்டியது. ஃபிர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. ரேஸ் போனதற்காக அல்ல. செவ்வாய்க்கிழமை ரொட்டி எதில் போகும்?

ஒக்தாவ் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தான். "சொலான்ஜ்கிட்ட சொல்லிரு."

"சொன்னா என்னைய அடுப்புக்குள்ள வச்சுருவா."

"அடுப்பு பெருசுதானே."

திங்கட்கிழமை காலையில் ஃபிர்மேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மர்சியால் ரூமெகு வீட்டு வாசலில் போய் நின்றான். மர்சியால் பன்றி வியாபாரி. ஆண்டுதோறும் ஜெயிக்கிறவன். ஃபிர்மேனை இரண்டு வருஷமாக 'காய்ந்த ரொட்டி' என்று கூப்பிட்டு வந்தவன். விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் கொட்டிலிலிருந்த பன்றிகள் எழுந்து நின்றன. ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தன்னிடமிருந்த உபரி ரேஸ் என்ஜினை உருட்டிக்கொண்டு வந்தான்.

"வேகத்துக்காகச் சிலிண்டர் மூடியைச் சீவியிருக்கேன். பெரிய கார்புரேட்டர். சீசன் முடியட்டும், திருப்பிக் கொடு. ஒண்ணே ஒண்ணு, சொலான்ஜை மெதுவா ஓட்டச் சொல்லு. அதுக்கு மெதுவாப் போகத் தெரியாது."

மெதுவாக ஓட்டு என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஃபிர்மேன் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சொலான்ஜ் வேனைக் கிளப்பியதும் கடை ஜன்னல் அதிர்ந்தது. கியர் போட்டாள். வேன் சதுக்கத்தைத் தாண்டிப் போனதை ஃபிர்மேன் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் போய்விட்டது. அன்று அவன் சுட்டதில் பாதி கருகியது. வேன் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ என்று வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்தான். எஞ்சியிருந்த நல்ல புத்தியில் வாய்க்குள் ஜெபம்கூடச் சொன்னான்.

வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவள், அன்று மக்கள் காலைக் காப்பியைக் குடித்து முடிக்கும்போதே வந்து நின்றாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. நிறைய வீடுகளில் கதவே திறக்கவில்லையாம். ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாளாம். கையைக் கழுவினாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

"வண்டிய என்ன பண்ணின?"

"பிளக் மாத்தினேன்."

"நல்ல பிளக்" என்றாள்.

புதன்கிழமையும் அப்படியே. வியாழன் இன்னும் சீக்கிரம். வெள்ளிக்கிழமை எவனோ ஒருவனுடைய டிராக்டரை மேட்டில் முந்தினாளாம், அவன் தொப்பி பறந்ததாம். இதையெல்லாம் ஃபிர்மேன் கடைக்கு வந்தவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டான். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் மாவு மூட்டைகளுக்கு நடுவே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பாடியதோடு சரி.

சனிக்கிழமை மாலை ஃபிர்மேன் கருவிப்பெட்டியோடு வேன் கொட்டகைக்குப் போனான். கடைசி ரேஸை விட அவனுக்கு மனமில்லை. என்ஜின் போல்ட்டுகளுக்கு இப்போதே எண்ணெய் விட்டு வைத்தால் நாளைக்கு வேலை குறையும். வேனின் முன்பக்க பம்பரில் சொலான்ஜ் உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டுப் பாரு" என்றாள்.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"ஃபிர்மேன், நான் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுறேன்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஞாயிறு வயலில் நின்று கைதட்டுகிறவர்கள் எல்லாம் யார்? செவ்வாய்க்கிழமை அவளிடம் ரொட்டி வாங்குகிறவர்கள். சுற்றுவட்டாரத்திலேயே எல்லா வீட்டுக் கதையும் வந்து சேருகிற ஒரே ஆளிடமிருந்து இரண்டு வருஷம் ஒரு கதையை மறைத்ததாக நினைத்து, இந்த மேதை பூரித்துக்கொண்டிருந்தான்.

"முதல் வாரமே தெரியும்" என்றாள் சொலான்ஜ். "ரொட்டியை நீட்டுறதுக்குள்ள சொல்லிருவாங்க. உன் புருஷன் முந்தாநேத்து வேலியில போய் மோதினான், முந்தாநேத்து கவுந்தான், முந்தாநேத்து பரவாயில்லன்னு. எல்லாரும் சொன்னாங்க. நீ மட்டும் சொல்லல."

"கோவிச்சுக்குவேன்னு நினைச்சேன்."

"கோவிச்சிருப்பேன். அப்புறம் கூட வந்திருப்பேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, இன்னைக்குச் சொல்லுவான்னு நினைச்சுக்கிட்டே வருவேன். நீ ரேடியோவைப் போடுவ."

அவன் கருவிப்பெட்டியைக் காலால் சுவர் ஓரமாகத் தள்ளினான்.

"நாளைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போகல" என்றாள் அவள், எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு. "நாளைக்கு நான் ஓட்டுறேன்."

மறுநாள் மதியம் ஒக்தாவும் ஃபிர்மேனும் என்ஜினை மாற்றினார்கள். சொலான்ஜ் மேற்பார்வை பார்த்தாள், இரண்டு இடத்தில் திட்டினாள். வயலில் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்த கிளப் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெண்கள் ரேஸ் காலையிலயே முடிஞ்சுபோச்சும்மா."

"காலையில உங்க வீட்டுக்கு ரொட்டி கொண்டுவந்தது யாரு?"

தலைவர் யோசித்தார். அவர் வீடு அவள் பாதையின் கடைசி வீடு. செவ்வாய்க்கிழமை அவள் மனது வைக்காவிட்டால் பழைய ரொட்டிதான். பேனாவை எடுத்துப் பெயரை எழுதினார்.

ஆண்கள் எல்லாம் சேற்றைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தபோது, சொலான்ஜ் பின்னால் கிரீம் கேக்குப் பெட்டிகள் அடுக்கியிருப்பது போலவே ஓட்டினாள். குழியை ஒதுக்கி, வளைவில் மெல்ல வழுக்கவிட்டு, எங்கும் பதறாமல் போனாள். வருஷக்கணக்கில் பண்ணைப் பாதைகளில் அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள். இரண்டு பேர் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டபோது நடுவில் புகுந்து போனாள். ஒருவன் தானாகவே கவிழ்ந்தான். மர்சியால்தான் முதலில் வந்தான், எப்போதும் போல. சொலான்ஜ் மூன்றாவது. கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. ஃபிர்மேன் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினான்.

அதற்குப் பிறகு ரேஸ் காரை அவன் ஓட்டவே இல்லை. ஸ்பானர் அவன் கையிலும் ஸ்டீயரிங் அவள் கையிலும் இருந்தன. அதைப் பற்றி அவனை ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆனால் மே மாத விருந்தில் அவர் சொல்லாமல் விடுகிற இடம் அதற்கும் பின்னால் இருக்கிறது.

ரேஸ் முடிந்து கூட்டம் ஒயின் பீப்பாய்ப் பக்கம் நகர்ந்தபின், சொலான்ஜ் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். கண் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் சேறு. பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். ஃபிர்மேன் உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லு" என்றாள். "முதல் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து."

அவன் சொன்னான். முதல் ரேஸில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது, வேலியில் மோதியது, கவிழ்ந்தது, கார் நாறியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். எல்லாமே அவளுக்குத் தெரிந்தவைதான், வீடு வீடாகக் கேட்டவைதான். இருந்தும் முதல்முறை கேட்பது போல முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். குறுக்கே பேசவே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர.

"...அந்த மழை ரேஸ்ல அஞ்சாவதா வந்தேன்."

"ஏழாவது" என்றாள் சொலான்ஜ். "மேல சொல்லு."