செயின்ட்-மிஷேலில் ஓர் அவசரகாலம்

சிவநேசம் யாருக்கும் கெடுதல் நினையாத மனிதர். திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் பதினெட்டு வருடம் தமிழ்த் தட்டச்சாளராக இருந்தார். மொன்றியலில் ஒரு கிரேக்க உணவகத்தில் தட்டுக் கழுவினார். இரண்டு இடத்திலும் தன் முன்னால் வந்து குவிந்ததைத் தாமதமில்லாமல் முடித்து அனுப்பினார் என்பதைத் தவிர, அவர்மீது சொல்லத்தக்க குற்றம் எதுவுமில்லை.

1986ஆம் ஆண்டு பிறந்ததிலிருந்து அவர் ஒரேயொரு கடிதத்துக்காகக் காத்திருந்தார். குடிவரவு அதிகாரி முன்னால் சத்தியம் செய்து தன் கதையைச் சொல்லவேண்டிய நாள் அதில் வரும். அன்றைக்குப் போய் நின்று, அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால், மனைவி புஷ்பராணியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூப்பிடலாம். போகாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். புஷ்பராணி அப்போது திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், வேறு நான்கு குடும்பங்களுக்கு நடுவே, ஒரு கரும்பலகையைச் சுவராக நிறுத்திக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

சிவநேசத்தின் உத்தியோகப் பெருமையைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. இலங்கையில் ஜனாதிபதிப் பதவி பிறந்தபோது அது கொடியேற்றவும் மாலை வாங்கவும் ஏற்பட்ட சாதுவான பதவி. ஆறே வருடத்தில் அதற்குப் பல் முளைத்தது. பிறகு யுத்தம் தாதியாக வந்து சேர்ந்தது; பதவி மளமளவென்று வளர்ந்தது. தாதி ஊட்டிய சோற்றுக்கு அவசரகால ஒழுங்குவிதிகள் என்று பெயர். ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் தொடங்கும். மாத முடிவில் பாராளுமன்றத்தில் கை உயர்த்துவார்கள்; இன்னும் ஒரு மாதம். பிறகு இன்னும் ஒரு மாதம். நீட்டும்போதெல்லாம் தமிழ்ப் படி சிவநேசத்தின் மேசைக்கு வரும். அவர் அதை ஸ்ரென்சிலில் அடித்து, சுவரில் ஒட்டக் கொடுப்பார்.

சவங்களை மரண விசாரணை இல்லாமலே புதைக்கலாம் என்று ஒரு விதி வந்தது. வந்த படியில் 'புதைக்க' என்ற சொல்லில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. சிவநேசம் புள்ளியை வைத்தார். அந்த விதி தொடர்பாக அவர் தெரிவித்த ஒரே ஆட்சேபணை அதுதான். அடுத்த வருடம் புஷ்பராணியின் தம்பியை அந்த விதிப்படி எங்கேயோ புதைத்தார்கள். அதன் பிறகுதான் சிவநேசம் விமானம் ஏறினார்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவர் இருந்த கட்டடத்தில் இருபத்துநான்கு வீடுகள், இருபத்தொன்றில் நம்மவர்கள். 1985 இலையுதிர் காலத்தில் எல்லோரும் கூடி ஓர் ஒன்றியம் அமைத்தார்கள். தமிழர் நான்கு பேர் கூடினால் விதிகள் அடங்கிய யாப்பு ஒன்று வேண்டும். யாப்பு எழுதச் சிவநேசத்தைவிட்டால் ஆள் கிடையாது. தலைவராக மார்க்கண்டு தெரிவானார். யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சீனி வரிசையில் சண்டை வராமல் பங்கிட்ட அனுபவசாலி, மென்மையான குரல், யாரைக் கண்டாலும் தேத்தண்ணி. யாப்பின்படி தலைவருக்கு மூன்று அதிகாரங்கள்: கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், மணி அடிக்கலாம், விருந்தினருக்கு மாலை போடலாம்.

"நல்ல பதவி கிளாக்கர் ஐயா" என்று சிவநேசத்திடம் சொன்னார் மூன்றாம் மாடி எமிலியானுஸ். மட்டக்களப்புக்காரர், வாயை வாடகைக்கு விடாத மனிதர். "மணி கோயில்லயும் அடிக்காங்க. அங்க பொங்கலாவது கிடைக்கும்."

தை மாதம் யுத்தம் வந்தது.

வீட்டுக்காரன் கொதிகலனை நிறுத்திவிட்டான். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு. குழாய்கள் வெடித்தன. பிள்ளைகள் கோட்டோடு படுத்தார்கள். அத்தோடு நிற்காமல், வீட்டுக்காரனின் ஆள் கதவு கதவாய்த் தட்டி, பிரெஞ்சில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினான். கொதிகலன் திருத்தச் சம்மதம் என்று நினைத்து மூன்று குடும்பங்கள் கையெழுத்து வைத்தன. அது வீட்டைவிட்டுப் போகச் சம்மதம்.

அவசரக் கூட்டம் மார்க்கண்டுவின் ஒன்றாம் இலக்க வீட்டில், எல்லோரும் தொப்பி போட்டபடி நடந்தது. இனி ஒருத்தரும் தனியாகக் கையெழுத்து வைக்கக்கூடாது, வீட்டுக்காரனோடு ஒரே வாய்தான் பேசவேண்டும், கட்டடத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் முதலில் ஒரு கைக்குப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. நியாயமான முடிவு. கடிதப் பெட்டிகளின் பூட்டுகள் எப்போதோ உடைந்து, தபால்காரர் எல்லாவற்றையும் ஒரே கட்டாக வாசல் ஹீற்றரின்மேல் வைத்துவிட்டுப் போகிற கட்டடம் அது.

"எழுதும் சிவநேசம்" என்றார் மார்க்கண்டு. "உமக்குத்தான் இந்த வசனங்கள் கைவந்தது."

சிவநேசம் எழுதினார். மனப்பாடமாக வந்தது. 'வேறெந்த விதியிலும் எது கூறப்பட்டிருப்பினும்' என்று தொடங்கி, 'தலைவர் அவசியமெனக் கருதுமிடத்து' என்று நடந்து, 'ஒரு மாத காலத்துக்கு' என்று முடிந்தது. வாசித்தபோது குளிரையும் மறந்து கைதட்டினார்கள். இருபத்தொரு வீடும் கையெழுத்து வைத்தது.

எமிலியானுஸ் மட்டும் படிக்கட்டில் அவரை மறித்தார். "ஐயா, இது எப்ப முடியும், ஆர் முடிக்கிற எண்டு ஒரு வரி இல்லியே?"

"அதுக்கு வேற அறிவித்தல் வரும்."

"நீங்க அங்க அப்பிடி ஒண்டு அடிச்சிருக்கீங்களா?"

சிவநேசம் யோசித்தார். நீடிப்பு எத்தனையோ அடித்திருந்தார். முடிப்பு ஒன்றுகூட அவர் மேசைக்கு வந்ததில்லை. அதன் மாதிரி எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

யுத்தத்தை மார்க்கண்டு திறமையாக நடத்தினார். வாடகை மன்றத்தில் முறையிட்டார். படம் எடுத்துக் கொடுத்தார். வெடித்த குழாயைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வைத்தார். சித்திரையில் வெற்றி. கொதிகலன் ஓடியது. வெளியே பனி உருகி, மரங்கள் துளிர்த்து, ஆட்கள் யன்னலைத் திறந்துவைத்து வேர்த்தார்கள்.

வெற்றிக் கூட்டத்தில் மார்க்கண்டுவுக்கு மாலை போட்டார்கள். அவர் கழற்றாமலே பேசினார்: "எதிரி தோத்திட்டான் எண்டு ஆர் சொன்னது? அடுத்த தை வருமோ, வராதோ?"

வரும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சிவநேசம் நீடிப்பு அடித்தார்.

வைகாசியில் கடிதப் பெட்டிகளுக்குப் புதுப் பூட்டு வந்தது. இருபத்துநான்கு சிறு பூட்டுகளுக்குப் பதிலாக ஒரு பெரிய பூட்டு, ஒரு சாவி, சாவி தலைவரிடம். ஆனியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கும் அதே ஒழுங்கு. ஆடியில், ஒற்றுமையைக் குலைக்கும் பேச்சு என்று ஒரு புது விதி. வீட்டுக்காரனுக்கு 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்வதும் அதில் அடங்கும். மாதம் ஒரு நீடிப்பு. சிவநேசத்தின் விரல்களுக்குப் பழைய ஓட்டம் திரும்பியிருந்தது. உண்மையைச் சொன்னால், அவருக்கு அது பிடித்திருந்தது. உணவகத்தில் அவரை யாரும் எழுதச் சொல்வதில்லை.

எமிலியானுஸ் பொன்ஜூர் சொன்னார். வேண்டுமென்றே, படிக்கட்டில் நின்று, இரண்டு தரம் சொன்னார்.

அதன் பிறகு அவருக்குத் தோய்க்கும் அறை பூட்டியிருந்தது. ஆட்கள் அவரைக் கண்டால் பையில் எதையோ தேடினார்கள். அவர் கடிதங்கள் வரவில்லை. ஆவணியில் ஒரு நாள் சிவநேசத்தின் கதவைத் தட்டினார்.

"ஐயா, மகள்ர கடுதாசி ஒரு மாசமா இல்ல. தலைவர்ட்ட ஒரு சொல்லு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பார்."

"சொல்லிப் பாக்கிறன்" என்றார் சிவநேசம். சொல்லவில்லை. அந்தக் கிழமை நீடிப்பு வேலை.

புரட்டாதி முதல் ஞாயிறு, எமிலியானுஸின் கதவில் ஒட்டியிருந்த பெயர்த் தாள் இல்லை. உள்ளே ஒரு நாற்காலியும் கிடையாது. டொரன்டோ போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் போனதைக் கண்டவர் எவருமில்லை. எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவுமில்லை. கேட்பது எந்த விதிக்குள் வரும் என்று நிச்சயமாகத் தெரியாததால்.

ஐப்பசியில் கிறிஸ்தோப்பர் தொலைபேசி எடுத்தார். புரோசார்ட்டில் இருந்தவர், சிவநேசத்தோடு ஒரே விமானத்தில் வந்து, ஒரே நாளில் மனுக் கொடுத்தவர்.

"எனக்கு விசாரணை முடிஞ்சுது, அண்ணை. உங்களுக்கு எப்ப?"

"எனக்கு இன்னும் கடிதமே வரேல்லையே."

"என்ன கதை கதைக்கிறியள்! எனக்கு வந்து ஒரு மாதம். உங்கட நம்பர் எனக்கு அடுத்த நம்பரெல்லோ?"

சிவநேசம் செருப்போடு ஒன்றாம் இலக்கத்துக்கு ஓடினார்.

மார்க்கண்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தார். "வாரும், வாரும். தேத்தண்ணி குடிப்பமே?"

மேசையில் மூன்று பிஸ்கற் தகரப் பேணிகள் இருந்தன. ஒன்றில் 'பார்த்தது' என்று ஒட்டியிருந்தது; மற்றதில் 'பார்க்கவேண்டியது'; மூன்றாவதில் 'ஆறுதலாய்ப் பார்க்கலாம்'. மூன்று தாளும் சிவநேசமே அடித்துக் கொடுத்தவை. மூன்றாவது பேணியின் மேலே எமிலியானுஸின் பெயருக்கு வந்த வான்கடிதங்கள் ஏழெட்டு, நூலால் கட்டியபடி கிடந்தன. பிள்ளைக் கையெழுத்து.

"அண்ணை, எனக்கு ஒரு கடிதம்... குடிவரவிலயிருந்து..."

"பிரெஞ்சில எல்லோ கிடக்கு" என்றார் மார்க்கண்டு வருத்தத்தோடு. "எங்கட மொழிபெயர்ப்பாளர் புவாண்ட்-கிளேர்ப் பக்கம் வேலைக்குப் போறார். ஞாயிறு மட்டும்தான் வாறார். வரிசைப்படிதானே செய்யவேணும்." பேணிக்குள் கைவிட்டு, ஒரு நீள உறையை எடுத்தார். உறை ஏற்கனவே திறந்திருந்தது. உள்ளிருந்த கடிதத்தை உருவி, ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காட்டினார். சிவநேசத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் திகதி எந்த மொழியிலும் திகதிதான். நாளை மறுநாள், காலை ஒன்பது மணி.

கடிதத்தைப் பிடித்தார். மார்க்கண்டு விடவில்லை.

"தாறன், தாறன். உம்மட கடிதந்தானே. இண்டைக்கு நீடிப்பு நாளெல்லோ, அதை அடிச்சிட்டுக் கொண்டுபோம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். இந்த 'ஒரு மாத காலத்துக்கு' எண்டதை எடுத்துப்போட்டு, 'மறுஅறிவித்தல் வரை' எண்டு போடும். மாதாமாதம் உமக்கும் கரைச்சல்தானே."

"கூட்டம் வைக்காமலோ அண்ணை?"

"எட்டாம் விதி என்ன சொல்லுது? நீர்தானே எழுதினது."

எட்டாம் விதி, 'தலைவர் அவசியமெனக் கருதுமிடத்து, கூட்டமின்றியே' என்று தொடங்கும்.

தட்டச்சுப் பொறி யன்னலோரம் இருந்தது. ஏற்கனவே தாள் செருகி வைத்திருந்தார்கள். கரும்பலகைக்குப் பின்னால் புஷ்பராணி பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுத்துவிடுவது சிவநேசத்தின் கண்ணுக்குள் தெரிந்தது. உட்கார்ந்து அடித்தார். ஒரு பிழையும் இல்லை.

குறித்த நாள் காலை எட்டரைக்கே குடிவரவு அலுவலகத்தில் போய் நின்றார். அதிகாரி மரியாதையான பெண்மணி. மொழிபெயர்ப்புக்குச் சென்னைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். சிவநேசம் மைத்துனன் கதையைச் சொன்னார். விதியின் இலக்கத்தைச் சொன்னார், வாசகத்தை அப்படியே சொன்னார். அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"அந்த ரூல் உங்களுக்கு எப்படி வரிக்கு வரி தெரியுதுன்னு கேக்கறாங்க" என்றாள் சென்னைப் பெண்.

"நான்தான் அடிச்சனான்."

அது பிரெஞ்சாகிப் போய், ஒரு கேள்வியாகத் திரும்பி வந்தது. "எப்பவாவது அடிக்க மாட்டேன்னு சொன்னீங்களான்னு கேக்கறாங்க சார்."

சிவநேசம் தன் கையைப் பார்த்தார். சுட்டுவிரலில் தட்டச்சு நாடாவின் மை இன்னும் போகவில்லை. இரண்டு நாள் சவர்க்காரம் போட்டும் போகாத மை.

"ஒரு மாதத்துக்கு மட்டும் எண்டுதான் சொன்னவை" என்றார்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். நீண்ட நேரம் எழுதினார். பிறகு கோவையை மூடி, எழுந்து, கைகொடுத்து, ஏதோ சொன்னார்.

"முடிவு இங்க சொல்ல மாட்டாங்க சார்" என்றாள் சென்னைப் பெண், ஆறுதலாக. "கவலைப்படாதீங்க. தபால்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."