அகராதி பிடித்தவர்

காலர்மேல் இஸ்திரிப்பெட்டி போகும்போது ‘ரிலக்டன்ட்’ என்பார். திரும்பி வரும்போது ‘விருப்பமற்ற, தயங்குகிற’ என்பார். ஒரு சட்டை முடிவதற்குள் ஒரு சொல் மனத்தில் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் அதே சட்டையை மறுபடியும் தேய்ப்பார். அதனால் சில விருந்தாளிகளின் சட்டைகள் அட்டைபோல விறைத்துப்போய் அறைக்குப் போவதுண்டு.

அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், நான் சோப்பும் துண்டும் கணக்குப் பார்க்கும் கிடங்குக்குப் பக்கத்து அறைதான் சலவைப் பகுதி. அங்கே துணி தேய்ப்பவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஆங்கிலம் - தமிழ் அகராதி இருக்கும். அதன் ஓரங்கள் சூடு பட்டுப் பழுப்பாகியிருக்கும். பெயரே ‘அகராதி’ என்றாகிவிட்டது. கொஞ்சம் முரட்டுப் பேர்வழி என்பதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

“அகராதி பிடிச்சவன்னு சொல்றாங்க சார். சொல்லட்டும். பிடிச்சிருக்கேன்தானே, கையில?” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஊழியர்களுக்கு மத்தியான வேளையில் ஆங்கில வகுப்பு நடத்துவதாக நிர்வாகம் அறிவித்தபோது முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. நாலாம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் தன் மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்தார். “நான் படிக்கிறேன். நீ சும்மா பக்கத்துல உக்காந்திரு, போதும்” என்றுதான் கூப்பிட்டாராம். அந்த அம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அங்கேதான் வினை.

வகுப்பில் நானும் கடைசி பெஞ்சில் இருந்தேன். ஆசிரியை ஒருநாள் பலகையில் ‘ரிலக்டன்ட்’ என்று எழுதினார். அகராதி எழுந்து நின்று அர்த்தத்தை ஒப்பித்தார். பிசகே இல்லை.

“நல்லது. இப்ப ஒரு வாக்கியத்துல வச்சுச் சொல்லுங்க.”

யோசித்தார். நெற்றியில் வியர்த்தது. “எனக்கு ஒரு ரிலக்டன்ட் வேணும்” என்றார் ஆங்கிலத்தில், கடையில் சோப்பு கேட்பதுபோல. வகுப்பே சிரித்தது.

பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. “டீச்சர், நீச்சல்குளத்துல ஒரு குழந்தை. குளிக்கிற உடுப்பெல்லாம் போட்டாச்சு. கால் விரலைத் தண்ணியில வைக்குது, எடுக்குது. வைக்குது, எடுக்குது. அவங்கம்மா இன்னொரு அம்மாகிட்ட ‘ஹீ இஸ் ரிலக்டன்ட்’னு சொன்னாங்க. அதுதானே?”

ஆசிரியை சாக்கட்டியை வைத்துவிட்டுக் கை தட்டினார். அகராதியும் தட்டினார், சத்தம் வராமல்.

மறுநாள் கிடங்கு வாசலில் வந்து நின்றார். “அது அர்த்தமா சார்? ஊகம். குருட்டாம்போக்குல அடிச்சு விடுறா. அது போய்ச் சரியா விழுந்து தொலைக்குது. நான் ஏ-யில ஆரம்பிச்சு முறையா வர்றேன். எஸ் வரைக்கும் வந்துட்டேன். இவ எந்த எழுத்துல நிக்கிறான்னே தெரியல.”

அந்த அம்மாவிடம் கேட்டால் சாதாரணமாகச் சொல்வார்: “வார்த்தையைப் பார்க்க மாட்டேன் சார். யாரு, எந்த மூஞ்சியோட சொல்றாங்கன்னு பார்ப்பேன். ரெண்டு மூணு தடவை காதுல விழுந்தா புரிஞ்சுடும்.”

வீட்டில் அந்த அகராதிப் புத்தகத்தை மனைவி கேட்டுவிடப் போகிறாள் என்று பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா கேட்கவே இல்லை. அது இன்னும் எரிச்சலாகிவிட்டது. சாப்பிடும்போது யாரும் பேசாத பெரிய பெரிய சொற்களாகப் பொறுக்கி வந்து பரீட்சை வைப்பார். “இதெல்லாம் யாராவது பேசுவாங்களாங்க?” என்று மனைவி கேட்டதும் தட்டிலேயே கையைக் காயவிட்டு உட்கார்ந்திருப்பாராம்.

இதற்கிடையில் அந்தக் கோட்டு விவகாரம். ஒரு விருந்தாளியின் கோட்டைத் தேய்த்து முடித்தவர், தொலைபேசியில் கம்பீரமாக, “சார், யுவர் கோட் இஸ் டெர்மினேட்டட்” என்று தெரிவித்தார். அகராதியில் ‘முடித்தல்’ என்றுதான் போட்டிருந்தது. விருந்தாளி பதறி அடித்துக்கொண்டு கீழே ஓடி வந்தார். கதை நாலாம் மாடிக்கும் போயிற்று.

“அது வேலையை விட்டுத் தூக்கும்போது சொல்றதுங்க. போன மாசம் அந்த வெயிட்டரை அனுப்பினாங்களே, அப்ப மேனேஜர் வாயில கேட்டேன்” என்று மனைவி சிரித்துவிட்டார்.

அப்புறம்தான் வரவேற்பு மேஜைக்கு ஊழியர்களிலிருந்தே ஓர் ஆள் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு விண்ணப்பம் போட்டு நேர்முகத்துக்குப் போனார்கள். ஒரே பேருந்து. பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் வழியெல்லாம் அகராதியைப் புரட்டிக்கொண்டு போனாராம். வேலை அந்த அம்மாவுக்குக் கிடைத்தது.

“வாழ்த்துச் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“சொன்னேன் சார். வாய் சொல்லிடுச்சு. வயிறு கேக்கல.” வெறும் பலகைமேல் இஸ்திரிப்பெட்டியை ஓட்டினார். “நான் கூட்டிட்டுப் போகலேன்னா அவ இன்னும் படுக்கைதான் விரிச்சுக்கிட்டிருப்பா.”

“அப்ப உங்களுக்குப் பெருமைதானே?”

“பெருமை இருக்கு. இல்லேன்னு சொல்லல. பக்கத்துலயே இதுவும் உக்காந்திருக்கு. எழுந்து போக மாட்டேங்குது.”

போன வாரம் ரசீதுத்தாள் கட்டுகளோடு நான் முன்கூடத்துக்குப் போனேன். ஒரு விருந்தாளியின் உடுப்பை ஹேங்கரில் தூக்கிக்கொண்டு அவரும் வந்தார். மேஜைக்குப் பின்னால் அந்த அம்மா, நீலச் சீருடையில். எதிரே வெயிலில் வந்து இறங்கிய ஒரு வயதான வெளிநாட்டுப் பெண்மணி. கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டு, “ஐ ஆம் பார்ச்ட்” என்றார்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. புன்னகை அப்படியே நின்றது. கண்கள் சுற்றும் முற்றும் தேடி, கணவர்மேல் வந்து நின்றன. அவரிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு அந்தக் கண்கள் வந்தது அதுதான் முதல் தடவை.

அவருக்குத் தெரியும். பி-யை எப்போதோ தாண்டிவிட்டார். உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். பிறகு அது இறுக மூடிக்கொண்டது. ஹேங்கரில் தொங்கிய உடுப்பை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா ஒரு கணம் காத்திருந்தார். பிறகு அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பினார். பெண்மணி வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். பெண்மணி ஒரே மூச்சில் குடித்து, தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார்.

“தாகத்தால் வறண்ட” என்று முணுமுணுத்தார் இவர். யாருக்கும் இனித் தேவையில்லாத நேரத்தில்.

அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. “தெரியுமாங்க அது?”

“தெரியும்.”

“அப்ப ஏங்க சொல்லல?” குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் ஹேங்கரை என் கையில் திணித்தார். மேஜையருகே போனார். தம்ளரை நகர்த்தினார். அது இருந்த இடத்தில் ஈரம் வட்டமாக நின்றிருந்தது. அன்று காலை தானே மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த சட்டைக் கையை இழுத்துவிட்டு, அதன் நுனியால் அந்த ஈரத்தை, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், அழுத்தித் துடைத்தார்.