பாத்ரூம் மணலில் பனங்கிழங்கு

மம்பட்டி மணலுக்குள் எதிலோ மோதி நின்றது. மாரப்பன் வாயில் தோசையோடு ஓடிவந்தார்.

“அங்க வெட்டாதீங்க.”

கொத்தனார் அர்த்தநாரி இன்னொரு வெட்டு வெட்டினார். பிளந்த பனங்கொட்டை ஒன்று உருண்டு வந்தது. அதன் அடியில் விரல் நீளத்துக்கு முளை.

“என்னுங்க மாமா, ஊடு கட்டற மணல்ல பண்ணயம் பண்றீங்களா?”

மாரப்பன் தோசையை விழுங்கினார். பிளந்த கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவருக்கு மூன்று ஏக்கர் கரிசல். கடலை வரும், தக்காளி வரும், பனங்கிழங்கு மட்டும் வராது. பனங்கொட்டையின் முளை மேலே வராது, கீழேதான் இறங்கும். இறங்கிய இடத்தில் கிழங்கு கட்டும். மண் இளக்கமாக இருந்தால் நேராகப் போகும். கரிசலில் முட்டி வளைந்து, போன பொங்கலுக்கு அவர் தோண்டியதெல்லாம் கோழிக்கால் மாதிரி இருந்தது. வேகவைத்துத் தட்டில் வைத்தபோது, மனைவி செல்லாத்தாளின் அண்ணன் பூபதிராஜா, “ஏனுங்க மாப்ள, இதுக்கு நகம் வெட்டீட்டீங்களா?” என்று கேட்டார். வரும் பொங்கலுக்கும் அவர் வருவார். அவர் வாயை அடைக்க நேரான கிழங்கு வேண்டும். இந்த வருடம் மாரப்பனுக்கு வேறு லட்சியம் இல்லை.

ஆவணியில், செல்லாத்தாளுக்குப் பாத்ரூம் கட்ட ஒரு லோடு மணல் வந்து இறங்கியது. அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கொல்லைக் கக்கூஸுக்கு ஐந்து படி இறங்க வேண்டும். மணலைப் பார்த்த மாரப்பனுக்கு நேரான கிழங்குதான் கண்ணில் தெரிந்தது. அவள் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் இருநூறு கொட்டைகளைப் புதைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார். புரட்டாசியில் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்றார். ஐப்பசியில் மழை என்றார். கார்த்திகையில் பஞ்சாயத்து பெர்மிட் வரவில்லை என்றார். பெர்மிட் பீரோவில் அவர் வேட்டிக்கு அடியில் இருந்தது. நேற்று வேட்டி அடுக்கிய செல்லாத்தாள் அதைப் பார்த்துவிட்டு, அவரிடம் ஒன்றும் கேட்காமல் அர்த்தநாரிக்குப் போன் செய்துவிட்டாள்.

இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிளந்த கொட்டையை வாங்கினாள். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி தவுண் இருந்தது. நகத்தால் நெம்பி வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏனுங்க, இதுக்குத்தானா புரட்டாசி ஆகாது, ஐப்பசி ஆகாதுன்னீங்க?”

“தை வரைக்கும் உட்டாப் போதும் செல்லாத்தா. உங்கண்ணன் முன்னால ஒரு நேர்க்கிழங்கு வெக்கோணும்.”

“எங்கண்ணனுக்கு நேர்க்கிழங்கு. எனக்கு அஞ்சு படி.”

அர்த்தநாரி திரும்பி நின்று சிரித்தார். செல்லாத்தாள் மிச்சத்தையும் தின்று முடித்தாள்.

“செரி, கெடக்கட்டும். அதுவரைக்கும் நான் கொல்லைக்குப் போறப்பெல்லாம் நீங்கதான் கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போயிட்டு வரோணும்.”

“அவ்வளவுதான?” என்றார் மாரப்பன்.

“யோசிச்சுச் சொல்லுங்க மாமா,” என்றார் அர்த்தநாரி. “அக்காளுக்குச் சக்கரை வேற இருக்குதுங்க.”

மாரப்பன் யோசிக்கவில்லை.

மறுநாள் மழை பெய்தது. செல்லாத்தாள் முதல் தடவை கூப்பிட்டது விடிகாலை ஐந்து மணிக்கு. ஒரு கையில் குடை, மறு கையில் செல்லாத்தாள். ஐந்து படி இறங்கி, வெளியே நின்று, ஐந்து படி ஏறினார். மத்தியானத்துக்குள் ஆறு தடவை ஆயிற்று. கடலைக்காட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு அர்த்தநாரிக்குப் போன் செய்து, பாத்ரூம் கட்ட இன்னொரு லோடு மணல் கிடைக்குமா என்று கேட்டார். நாளை மறுநாள் வரும் என்றார் அர்த்தநாரி. செல்லாத்தாள் கூப்பிட்டாள். மாரப்பன் குடையை எடுத்துக்கொண்டு போனார்.