ஆள் இல்லாத வாளி

ஆளே இல்லாத வாளிக்குப் பின்னால் நீங்கள் எவ்வளவு நேரம் வரிசையில் நிற்பீர்கள்? நான் ஒரு காலை முழுவதும் நின்றிருக்கிறேன்.

மலேசியாவின் ஈப்போ நகர அலுவலகத்தில், நான் அக்கா என்று அழைக்கும் சக ஊழியருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள். சிதறிப்போன குடும்பங்களுக்காக அவர் ஒரு மின்னஞ்சல் குழு நடத்தினார். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். சர்வர் என் பொறுப்பு. ஒரு கடிதம் போகும்போது இன்னொன்று இடையில் புகாமலிருக்க, மென்பொருள் ஒரு பூட்டுக் கோப்பை வைக்கும். அனுப்பி முடித்ததும் எடுத்துவிடும். பட்டம் வாங்கிய திமிரில் நான் அதை வேகப்படுத்தியிருந்தேன்: காத்திருக்கும் ஒவ்வொரு கடிதமும் பூட்டு போய்விட்டதா என்று நொடிக்கு நூறு முறை எட்டிப் பார்க்கும்.

அக்காவின் அப்பா இறந்த அன்று காலை போன் வந்தது.

"தம்பி, மெயில் போகவே இல்லலா. நாலு மணிக்கு எடுக்கிறோம். பாகான் செராய் மாமாவுக்குத் தெரியணும்."

அந்த ஊர் மாமா, அப்பாவோடு பக்கத்து நிரையில் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டியவர். நம்பரை மாற்றிவிட்டார், குழுவில் இருந்த அவர் மகளின் மின்னஞ்சல்தான் ஒரே வழி. சர்வரோ மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு முறை நிறுத்தி இயக்கினேன். மறுபடியும் சுமை ஏறியது.

"அக்கா, திரும்பத் திரும்ப அனுப்புறீங்களா?"

"போகலன்னா அனுப்பத்தானேலா செய்வேன்!"

ஒவ்வொன்றும் போய் வரிசையில் நின்று பூட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டுக் கோப்பைத் திறந்தேன். பூட்டு வைத்த நிரலின் எண் அதில் இருந்தது. அப்படி ஒரு நிரலே ஓடவில்லை. முந்தைய நாள் மின்தடையில், பூட்டை எடுக்காமலே பாதியில் நின்றுபோயிருக்கிறது.

"பூட்டுனவன் செத்துட்டான்க்கா," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போனில் அழுத தொண்டையோடு ஒரு சிரிப்பு.

"தோட்டத்துப் பைப்படியில வாளிய வெச்சி இடம் புடிச்சிட்டு ஆள் போயிருமே, அது மாதிரியா? எங்கப்பா பாத்தா ஒரே உதைதான். எடுத்து வீசுடா!"

வீசினேன். ஒன்பது கடிதங்களும் வரிசையாகப் போயின.

மூன்றரைக்கு, நான் சாவு வீட்டில் நிற்கும்போது, மாமா வந்து இறங்கினார்.

"ஏம்மா, ஒரு தடவ சொன்னா வரமாட்டேனா? ஒம்பது தடவையா?"

அப்போதுதான் அக்கா வாய்விட்டு அழுதார்.

இன்று அவர் தஞ்சோங் மாலிமில் இருக்கிறார். தோட்டத்துச் சனம் மொத்தமும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. சர்வரை மட்டும் நான் நிறுத்தவில்லை. இப்போதும் பார்த்தேன். வாளி இல்லை. காத்திருக்கும் கடிதங்கள்: பூஜ்யம்.