உப்பு பார்க்க ஆளில்லாத வெள்ளிக்கிழமை

அசைவ மெஸ் நடத்துகிற கத்தோலிக்கனுக்குத் தவக்காலம் வந்தால் வியாபாரமும் படுக்கிறது, வயிறும் காய்கிறது. என்னைப் போல அடுப்படி வழியாகப் பரலோகம் போகப் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் படித்து ஆறுதல் அடையுங்கள்.

எதை விடுவது?

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளை ஒட்டி இருக்கிறது என் மெஸ். போன தவக்காலத்தில் நாற்பது நாளும் கறியை விட்டேன். கறி போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிற சமையல் மாஸ்டர் முருகேசனை, குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்ததற்காக, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் எதிரிலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர், இன்னொரு தடவை இப்படிப் பேசினால் நெய்வேலியில் கூப்பிடுகிற கடைக்குப் போய்விடுவேன் என்று மட்டும் மறுநாள் சொன்னார். அவர் போனால் கடை இல்லை. எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும்.

இந்த வருஷம் எதை விடலாம் என்று, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரீட்டா முடித்துவைத்தாள்.

"நீங்க கறிய துன்னுங்க. வாய அடக்குனா போதும், ஆண்டவரு ஏத்துக்குவாரு."

குழம்பு மட்டும்

செராமிக் கம்பெனியில் அச்சில் களிமண் ஊற்றுகிற ஆரோக்கியசாமி எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர். தவக்காலம் முழுக்கக் கறி தொடமாட்டார். அதை ஊருக்கே சொல்லியும் வைத்திருக்கிறார். மதியம் வந்து உட்கார்ந்து, சோற்றில் மட்டன் குழம்பை மட்டும் ஊற்றச் சொல்வார்.

நாலாம் நாள் குழம்போடு ஒரு நல்லி எலும்பும் விழுந்துவிட்டது. எடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். வாய் வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன். அவர் சொன்னார்.

"இருக்கட்டும் அண்ணே. அதுவா வுழுந்தது பாவத்துல சேராது."

மூன்று விரதம், ஒரு அண்டா

வெள்ளிக்கிழமை எனக்குச் சுத்தபோசனம், கறி நாக்கில் படக்கூடாது. மாஸ்டரும் வெள்ளிக்கிழமை அம்மனுக்காகக் கறி தொடமாட்டார். அதனால் அன்றைக்கு மட்டும், கறி கொண்டுவருகிற மங்கலம்பேட்டை பாய்தான் ஒரு கரண்டி வாங்கி உப்பு பார்த்துச் சொல்வார். இந்த வருஷம் தவக்காலத்தோடு ரம்ஜான் மாசமும் சேர்ந்து வந்தது. பாய்க்கு நோன்பு.

பீங்கான் பொம்மை எடுக்க ஈரோட்டிலிருந்து வந்தவர்களுக்காகக் கம்பெனியில் முப்பது சாப்பாடு கேட்டிருந்தார்கள். மாஸ்டர் கணக்காக உப்பு போட்டுவிட்டு இலை நறுக்கப் போனார். அது தெரியாமல், மனதில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்த நானும் அதே அளவு போட்டேன். முப்பது சாப்பாடும் திரும்பி வந்தன. மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் போட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு. பாய் மறுநாள் விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"மூணு பேரு வெரதத்தையும் மேல இருக்கறவன் ஏத்துக்கிட்டான். குழம்பத்தான் யாரும் ஏத்துக்கல."

மௌனம்

அதற்குப் பிறகு, அந்தப் பெருமை கெட்டுவிடும் என்று பயந்து, என் வாயை நானே நம்பவில்லை. திறந்தால்தானே திட்டும்? என்ன சமைப்பது என்று சீட்டில் எழுதி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எனக்குத் தலை தானாக நிமிர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டமான நேரத்தில் மாஸ்டர் தன் சொந்தக் கரண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நெய்வேலிக்குப் போகிறேன் என்றார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூடத் திட்டவில்லையே என்று கேட்டேன். திட்டினால் ஒரு நாள் வலிக்கும், போய்விடும், நீங்கள் என் மூஞ்சியையே பார்க்கவில்லை என்றார். போன வருஷம் திட்டியதற்கும் இன்றுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு எத்தனை பேர் எதிரில் திட்டினேனோ, ஏறக்குறைய அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், மன்னிச்சிடுங்க. போன வருஷம் பேசுனதுக்கும் சேத்து. அந்த உப்பு நான் போட்டது," என்றேன். அவர் துண்டைப் பிரித்துக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"சரிங்க மொதலாளி, வெங்காயம் கருகுது, வழிய வுடுங்க."

வாயை மூடுவதற்கு எனக்கு ஒரு தவக்காலம் போதுமானதாக இருந்தது, அதை மன்னிப்புக் கேட்கத் திறப்பதற்கு மாஸ்டர் வேலையை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.